ஏசியின் சிவப்புப் பக்கம்

மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, அவளுக்கு அடுத்தபடியாக நான் கவனித்தது எங்கள் பழைய காரைத்தான். உடுப்பிட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றப் போய்வருவது அதில். நடுவழியில் நின்றால் என்ன செய்வேன் என்ற பயம் நித்திரையிலும் விடவில்லை. மருத்துவர் எழுதித் தந்த தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. காய்ச்சல் வந்தால் ஒரு மணித்தியாலமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே கொண்டுவர வேண்டும். போகவரப் படித்து அது எனக்குப் பாடமாகிவிட்டது.

மூன்றாம் முறை மருந்து ஏற்றிப் பத்து நாள் இருக்கும். கொழும்பில் படிக்கும் மகள் சனிக்கிழமை வருகிறாள் என்று யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வாங்கப் போனோம். கடைச் சனத்துக்குள் அவளை இறக்கப் பயந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் போட்டு, காருக்குள்ளேயே இருத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்து ஏறினால் உள்ளே வெக்கை. ஏசிப் பொத்தானில் வெளிச்சம் எரிகிறது, காற்றும் வருகிறது, குளிர் மட்டும் இல்லை. வீடு திரும்பும் வழியில், மர நிழலில்லாத வல்லைவெளி முழுக்கப் பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தேன்.

"விடுங்கோ, எனக்கு இது காணும்," என்றாள்.

என்னைத் தேற்றத்தான் போதும் என்கிறாள் என்று எரிச்சல் வந்தது. எதையும் பொறுத்துக்கொள்ளும் அவளுடைய குணம் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். இந்த வெயிலில் இவளை எப்படி அடுத்த முறை கொண்டுபோவேன் என்று இரவு முழுக்கப் புரண்டேன். அவளும் நித்திரை கொள்ளவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

விடிந்ததும் கராஜுக்குப் போனேன். மெக்கானிக் ஒரு காலத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவர். எந்த மெக்கானிக்கையும் நான் நம்புவதில்லை, அதனால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடியே நின்றேன்.

"காஸ் முடிஞ்சிட்டுதோ?"

"அவசரப்படாதேங்கோ அண்ணை."

மீற்றரைப் பூட்டிப் பார்த்தார். காஸ் சரி. கொம்பிரசர் சுற்றியது, முன்னுக்கிருந்த விசிறியும் சுற்றியது. ஒரு குழாயைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பனிக்கட்டிபோலக் குளிர்ந்து, வேர்த்து நீர் சொட்டியது.

"குளிர் உள்ளுக்கு வருது. வந்து எங்கையோ சூடாகுது," என்று சொல்லிக்கொண்டே சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தார். உடனே சிரித்துவிட்டார். "அண்ணை, உதை ஆர் திருப்பினது?"

நடுவில் இருந்த திருகியைக் காட்டினார். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு; வெயிலில் இரண்டும் வெளிறிப்போய் எது எதுவென்று தெரியவில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் காருக்குள் சூடு போட யாருக்குத் தேவை?

"நுவரெலியாக் குளிருக்குப் போறவைக்குத்தான் உந்தச் சிவப்புப் பக்கம்," என்று அதை நீலத்துக்குத் திருப்பினார். சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் திருப்பவில்லை. காருக்குள் இருந்தது அவள் மட்டும்தான். அந்த மத்தியான வெயிலில் அவளுக்குக் குளிர்ந்திருக்கிறது. இரவும் அந்தப் போர்வை.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. அடுப்படிக் கதிரையில், நேற்றுப் போர்த்திய அதே சால்வையோடு இருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

"எப்ப தொடக்கம்?"

"நேற்றுக் காலமையிலையிருந்து லேசாய்." நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். "பிள்ளை நாலு மாசத்துக்குப் பிறகு வாறாள். வந்து என்னை ஆஸ்பத்திரி வாட்டிலையே பாக்கிறது? ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"வாய் துறந்து சொல்ல ஏலாதே உமக்கு?" என்று கத்தினேன். நோய் வந்த பிறகு அவளிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை, சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். தாளை நாள்தோறும் படித்தவன், பக்கத்தில் இருந்தவளை ஒருமுறை தொட்டுப் பார்க்கவில்லை. கார் சுகமில்லை என்று இரவெல்லாம் விழித்திருந்தேன்.

தூக்காத குறையாகக் காரில் ஏற்றினேன். மெக்கானிக் திருத்திவிட்ட ஏசி நன்றாகக் குளிர்ந்தது. அவளுடைய பற்கள் அடித்துக்கொண்டன. கண்ணாடிகளை இறுக்கி மூடி, ஏசியை நிற்பாட்டி, அந்தத் திருகியைச் சிவப்பின் கடைசி வரைக்கும் நானே திருப்பினேன்.

வல்லைவெளியில் வெயில் வெள்ளையாக எரிந்தது. என் சேட் நனைந்து முதுகில் ஒட்டியது, வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவள் சால்வை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"உங்களுக்கு வேர்க்குது. குறையுங்கோவன்."

"எனக்கு இது காணும்," என்றேன்.