அமுதாவைத் தேடும் போட்டி

ரஜனியை அமுதாவாக்குவது என்று வரதராசா ஐயா முடிவெடுத்தது சித்திரைப் புதுவருடம் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அவளிடம் கேட்காமலே எடுத்த முடிவு அது. எடுத்துவிட்டுத்தான் அவள் அறைக்கதவைத் தட்டினார்.

அமுதா யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தெமட்டகொடையில் ரயில்வே யார்டின் மதிலோடு ஒட்டிக் கிடக்கிற குடியிருப்பை எல்லாரும் ‘தோட்டம்’ என்பார்கள். அங்கே ஒரு தென்னையும் ஒரு முருங்கையும் தவிர வேறு மரமில்லை. கொழும்பில் இப்படி நெருக்கியடித்து வீடுகள் நிற்கும் இடத்துக்கெல்லாம் தோட்டம் என்றுதான் பேர். அந்தத் தோட்டத்தில் ஏப்ரல் கடைசி ஞாயிறு புதுவருட விழா நடக்கும். பணிஸ் தின்னும் போட்டி, தலையணைச் சண்டை, கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைத்தல், கயிறிழுத்தல் என்று காலையிலிருந்து மாலை வரை அமளிப்படும். அவற்றில் ஒன்று, கூட்டத்துக்குள் மறைந்திருக்கும் வெளியாளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. மறைந்திருக்கும் விருந்தாளியைச் சிங்களத்தில் ‘சங்கவுனு அமுத்தா’ என்பார்கள். முதல் வருடம் ஒலிவாங்கி பிடித்த நோபேட், யார்டில் எஞ்சின் இரைந்த இரைச்சலில் அதை ‘அமுதா’ என்று விளங்கிக்கொண்டான். “இப்ப எல்லாரும் அமுதாவைத் தேடுங்க!” என்று அவன் கத்த, தமிழ்ச் சனமெல்லாம் அமுதா என்றொரு பெண்ணைத் தேடி அலைந்தது. அன்றைக்கு மறைந்திருந்தவர் மீசை வைத்த ஒரு இரும்புக்கடைக்காரர். அதற்குப் பிறகு அவனைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை. இப்போது சிங்களப் பிள்ளைகளும் அமுதா என்றே சொல்கிறார்கள்.

அமுதா ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். தோட்டத்தில் எவருக்கும் தெரியாத ஆளாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. ஆள் யாரென்று தோட்டத்துச் சங்கத் தலைவர் ஒருவருக்கே தெரியும். அந்த அமுதாவைத் தொட்டு, “நீங்கதானே அமுதா?” என்று முதலில் கேட்பவருக்குப் பரிசு. இந்த வருடம் ஒரு ரைஸ் குக்கர்.

“கோட்டையிலயிருந்து வரவிருந்த பெடியனுக்குக் காய்ச்சலாம், பிள்ளை,” என்றார் வரதராசா ஐயா. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது சங்கத் தலைவர். தோட்டத்து வாசலில் இருக்கும் மாடிவீடு அவருடையது. “இனி நான் எங்க போய் ஆள் பிடிக்கிறது? பிறகுதான் யோசிச்சன். உங்களைத்தான் இஞ்ச ஒருதருக்கும் தெரியாதே.”

மனிதர் நல்ல மனதோடுதான் சொன்னார். பொருத்தமான ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. ரஜனிக்குத்தான் எங்கோ சுருக்கென்றது.

“ஓம் ஐயா, வாறன்,” என்றாள். யாழ்ப்பாணத்துக்காரரோடு ஓம் என்பாள். தங்கையோடு பேசும்போது அது ஆமாவாகிவிடும். இரண்டும் அவளுக்கு நாக்கு நுனியில்தான் இருந்தன.

ரஜனி பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில். பத்தொன்பது வயதில் வெள்ளவத்தையில் ஒரு டாக்டர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தாள். குழந்தை வளர்ந்து லண்டனுக்குப் போனது. ரஜனி காலி வீதிச் சேலைக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். சேலையின் கீழ்க்கரையில் உட்பக்கமாகத் துணி வைத்துத் தைக்கும் ஃபோல்ஸ் வேலை. அவள் தைத்தால் வெளிப்பக்கம் ஒரு தையல்கூடத் தெரியாது. நடுவில் கலியாணமும் நடந்தது. கணவர் குவைத்துக்குப் போனார். போனவர் போனவர்தான். வெள்ளவத்தையில் அவள் இருந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொன்னபோது, வாடகை குறைவென்று தெமட்டகொடைக்கு வந்தாள். அது நடந்து மூன்று வருடமாகிறது. காலையில் முதல் ரயிலில் போய், கோட்டையில் மாறி, வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்குவாள். திரும்பி வரும்போது தோட்டத்தில் விளக்குப் போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைப்பாள். போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பாள். அதற்குமேல் எவர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து கதைத்ததில்லை. கூச்சம்.

தங்கை நிஷாந்தி வத்தளையில் இருக்கிறாள். வீட்டோடு சேர்ந்தாற்போல ஒரு அறை கட்டி, அக்காவை வரச்சொல்லி மாதக்கணக்காக நச்சரிக்கிறாள்.

அன்று பின்னேரம் தொலைபேசியிலும் அதே பேச்சுத்தான்.

“அக்கா, ஒரு ஆள் ரூமு கேட்டு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாரு. நீ வாரியா இல்லியா? அங்க உனக்கு யாரத் தெரியும், யாருக்கு உன்னத் தெரியும்? காய்ச்சல்னு படுத்தா சுடுதண்ணி வச்சிக் குடுக்க ஆளிருக்கா?”

வழக்கமாக ரஜனி ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். அன்று வரதராசா ஐயாவின் வார்த்தை காதிலேயே நின்றது. மூன்று வருடம் இருந்தும் அமுதாவாக நிற்கத்தான் அவள் பொருத்தம். தங்கை சொல்வதில் என்ன பிழை?

“ஞாயித்துக்கிழம இங்க ஒரு வெளையாட்டு இருக்கு. அது முடிஞ்சதும் சொல்லுறேன்.”

“வெளையாட்டா? உனக்கா?”

“ஆமாடி. நான் நிக்கணும், அவ்வளவுதான். யாராவது வந்து புடிச்சிருவாங்க.”

பிடித்த கையோடு தங்கைக்குச் சரி சொல்லிவிடுவது என்று ரஜனி மனதுக்குள் தீர்த்துக்கொண்டாள். தன்னை அந்நியமாகப் பார்க்கிற இடத்தைவிட்டுப் போவதில் என்ன கஷ்டம் இருக்கிறது? பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடுவாள். இரண்டு சூட்கேஸும் தையல் மெஷினும், ஒரு முச்சக்கரவண்டிக்குள் அடங்குகிற சாமான்தான்.

ஞாயிற்றுக்கிழமை யார்டு மதிலோரத்து வெறுந்தரை மைதானமாகியிருந்தது. கொடிகள் குறுக்கும் நெடுக்கும் பறந்தன. ஒரு மூலையில் பெண்கள் சுற்றியிருந்து ரபான் மேளம் அடித்தார்கள். மதிலுக்கு அப்பால் எஞ்சின் ஒன்று ஊதும்போதெல்லாம் நோபேட் பேச்சை நிறுத்தி, “அவருக்கும் வணக்கம்!” என்றான். நோபேட்டின் தொழில் முச்சக்கரவண்டி ஓட்டுவது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஒலிவாங்கி கையில் கிடைத்துவிட்டால் சாப்பாடுகூட வேண்டாம் அவனுக்கு.

ரஜனி சாதாரண நீலச்சேலையில் நுழைவாசல் அருகே போய் நின்றாள். வரதராசா ஐயா தூரத்தில் நின்று கண்ணால் ஜாடை காட்டினார்.

“அமுதா மைதானத்துக்குள்ள வந்தாச்சு!” நோபேட் இரண்டு மொழியிலும் கத்தினான். “அமுதா ஆவிலா! தேடுங்க, ஹொயான்ன, ஓடுங்க!”

கூட்டம் கலைந்த தேன்கூடு மாதிரிப் பறந்தது. ஐஸ்பழம் விற்க வந்தவரை நாலு பேர் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாய் திருத்த வந்த ஆளிடம், “நீங்கதானே அமுதா?” என்று கேட்டு அவரைத் திகைக்க வைத்தார்கள். பாதுகாப்புக்கு வந்த பொலிஸ்காரரையும் விட்டு வைக்கவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்தபடி, போன வருடமும் தன்னைத்தான் பிடித்தீர்கள் என்று சிங்களத்தில் முறையிட்டார்.

சுபோதினி ரஜனியை நோக்கி நேராக ஓடி வந்தாள். இரண்டு வீடு தள்ளியிருக்கிற இளம் தாய். முடிந்தது என்று ரஜனி நினைத்துக்கொண்டாள்.

“ரஜனி அக்கா, இவனை ஒருக்காப் பிடியுங்கோ. நான் அந்த அமுதாவை ஒரு கை பார்த்திட்டு வாறன்!” என்று இடுப்பிலிருந்த குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

ரஜனி குழந்தையோடு அசையாமல் நின்றாள். தன் பேர் இவளுக்கு எப்படித் தெரியும்?

ஒருவேளை நின்ற இடம் சரியில்லையோ என்று ரபான் அடிக்கிற பக்கம் போனாள். அங்கே அடுத்த வீட்டு ருக்கியா வட்டலப்ப இனிப்புத் தட்டுகளை மேசையில் தேநீர்ப் பாத்திரத்தின் அருகே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆ, ரஜனி, நல்ல நேரம் வந்தீங்க. இதக் கொஞ்சம் பாத்துக்கோங்க மகள், ஈ மொச்சிரும். நான் போய் அமுதாவத் தேடப்போறன். எங்கட வீட்டு குக்கர் பழுதாகி ஒரு மாசமாகுது.”

“ராத்தா, நீங்க என்னைக்…” என்று ரஜனி தொடங்கினாள். விளையாட்டு விதி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

“என்ன? மத்தவங்ககிட்ட ஒப்படைக்கச் சொல்றீங்களா? வேற யார நம்புறது? நோன்பு காலத்துல உங்கட லைட்டப் பாத்துத்தான் நான் சஹர் சாப்பாட்டுக்கே எழும்பினேன். உங்கட ஜன்னல் வெளிச்சமாகலன்னா எனக்கு நோன்பு போயிரும்.”

சொல்லிவிட்டு ருக்கியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தாள். ரஜனி ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறு கையால் ஈ விரட்டினாள்.

நேரம் போனது. எவரும் அமுதாவைப் பிடிக்கவில்லை. வரதராசா ஐயாவுக்கு வியர்த்தது. மேடையேறி நோபேட்டின் காதில் எதையோ ஓதினார்.

“துப்பு ஒண்டு கிடைச்சிருக்கு!” என்றான் நோபேட். “அமுதா ஒரு பொம்பிளை! சாறி கட்டியிருக்கிறா!”

அழகுராணிப் போட்டிக்கு வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பிடிபட்டார்கள். அந்த அமளியில் ஒருத்தியின் சேலைக் கொசுவம் அவிழ, சங்கச் செயலாளரின் மனைவி அவளை இழுத்துக்கொண்டு ரஜனியிடம் வந்தாள். “ரஜனி அக்கே, மேக்க ஹதன்னக்கோ!” என்று, சரிசெய்துவிடும்படி சிங்களத்தில் கெஞ்சினாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டே ரஜனி ஊசி குத்திக் கொசுவத்தைச் சரிசெய்து அனுப்பினாள்.

வரதராசா ஐயா மறுபடி காதில் ஓத, நோபேட் கத்தினான். “கடைசித் துப்பு! நல்லாக் கேளுங்க! அமுதாவின்ர கையில இப்ப ஒரு குழந்தை இருக்கு!”

சுபோதினி மூச்சிரைக்க ஓடி வந்தாள். ரஜனி குழந்தையைக் கொஞ்சம் உயர்த்தியே பிடித்தாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படி நிற்பது?

“அக்கா, குழந்தையோட புது ஆள் யாரும் இந்தப் பக்கம் வந்தவையே?”

“இல்லையே,” என்றாள் ரஜனி. சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் தளும்பியது.

“நீங்கள் நில்லுங்கோ, நான் அங்கால பாக்கிறன்,” என்று அவள் பறந்தாள்.

நோபேட்டே மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டான். “ரஜனி அக்கா, தொண்டை கிழிஞ்சு போச்சு. அந்தத் தேத்தண்ணியில ஒண்டு ஊத்தித் தாங்க. வரதராசா ஐயா என்னத்தையோ குழப்பிட்டார். அமுதா வரவே இல்லப் போல.” வாங்கிக் குடித்தவன் அவள் தோளில் தூங்கிய குழந்தையின் கன்னத்தையும் தட்டிவிட்டுப் போனான்.

கடைசியில் வேறு வழியில்லாமல் வரதராசா ஐயாவே ஒலிவாங்கியை வாங்கினார். “அமுதா தயவுசெய்து மேடைக்கு வரவும்.”

ரஜனி குழந்தையோடு படி ஏறினாள். கூட்டம் அவளைத் தாண்டி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தது. ஒருவரும் வரவில்லை என்று விளங்கியதும் அமளி வெடித்தது.

“இது ஏமாத்து!” முதல் குரல் ருக்கியாவுடையது. “இது எங்கட ரஜனியில்லையா!”

“மே அப்பே ரஜனி அக்கானே!” என்று செயலாளரின் மனைவியும் அதையே சிங்களத்தில் கத்தினாள்.

“அமுதா எண்டா வெளியாளா இருக்கவேணும் ஐயா! நீங்களே விதியை உடைச்சா எப்படி?” சுபோதினிக்கு அழுகையே வந்துவிட்டது. “என்ர பிள்ளையைக்கூட இவவிட்டத்தானே குடுத்திட்டு ஓடினனான்!”

“எனக்கென்ன தெரியும்?” வரதராசா ஐயா கைகளை விரித்தார். “இவவை இஞ்ச ஒருதருக்கும் தெரியாதெண்டு நினைச்சன்.”

“ஐயாவுக்குத்தான் ஒருத்தரையும் தெரியாது,” என்றான் நோபேட் ஒலிவாங்கிக்குள்ளேயே. “அடுத்த வருசம் ஐயாவையே அமுதா ஆக்குவம்!” தோட்டம் முழுக்கச் சிரித்தது. வரதராசா ஐயாவும் சிரித்துவிட்டார். ரஜனியைப் பார்த்து, “குறை நினையாதேங்கோ பிள்ளை,” என்றார் மெதுவாக.

ரைஸ் குக்கர் யாருக்கு என்று பெரிய விவாதம் நடந்தது. தலையைச் சுற்றிய வழக்கு ஒருவாறு முடிந்து, போட்டி செல்லாது, குக்கர் கயிறிழுத்தலில் வெல்கிற பெண்கள் அணிக்கு என்று தீர்ப்பானது. கூடவே இன்னொரு தீர்மானமும் வந்தது. அடுத்த வருட அமுதாவைப் பிடித்துக்கொண்டு வருவது ரஜனியின் பொறுப்பு. எவருக்கும் தெரியாத, அசல் வெளியாளாக.

குழந்தையை ஒப்படைத்துவிட்டு ரஜனி மதிலோரம் ஒதுங்கினாள். நிஷாந்தியை அழைத்தாள்.

“என்னக்கா, புடிச்சாங்களா?”

“இல்லடி. ஒருத்தருமே புடிக்கல.”

“அய்யோ பாவமே. அப்ப எப்ப வார?”

“நான் வரல, நிஷாந்தி. ரூம அந்த ஆளுக்கே குடுத்துரு.”

“கோவமா அக்கா?”

“கோவமில்ல. கேளு, அடுத்த வருசம் ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழம நீ இங்க வரணும். எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாத ஆளு ஒண்ணு தேவையாயிருக்கு.”

“எங்களுக்கா? யாருக்கு?”

ரஜனி பதில் சொல்லுமுன், பெண்கள் அணியில் ஒரு ஆள் குறைகிறது என்று ருக்கியா கயிற்றின் நுனியைப் பிடித்தபடி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ரஜனி தொலைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். அணைக்க மறந்த தொலைபேசிக்குள் நிஷாந்தி இன்னும் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தாள்.