குழாயில் மூன்று தட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஸ்பேனர் பிடித்த கை பேனா பிடித்தால் எழுத்து மேடும் பள்ளமுமாகத்தான் போகும். கோணலையும் பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நான் தண்ணீர்க்காரன். மேலே ஊற்று, கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள், நடுவில் இரும்புக் குழாய். அடைப்பு எடுத்ததும் மேலிருந்து கூவிச் சொல்ல வேண்டும். கூச்சம், எனக்குக் கூவ வராது. ஸ்பேனரால் குழாயை மூன்று முறை தட்டுவேன். சத்தம் இரும்பு வழியே இறங்கும். பெண்கள் குடத்தோடு வந்துவிடுவார்கள்.

தேயிலை விலை விழுந்த சமயம் அது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. என்னோடு குழாய் பார்த்த இருவரும் திருப்பூர் போய்விட்டார்கள். மேடு ஏறும்போது நெஞ்சில் கல் உட்கார்ந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் மனைவி பார்த்துவிட்டாள்.

கோயம்புத்தூரில் டாக்டர், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார். தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தால் பழையபடி ஏறலாம். அடைப்பைத் தாண்டிக் கம்பி போகாவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டும், மேடு ஏறும் வேலையை மறந்துவிட வேண்டும்.

தொடையிடுக்கில் சவரம் செய்ய ஆள் வந்தபோது, அடைப்பு இருந்துவிட்டுப் போகட்டும், ஓடிவிடலாமா என்றிருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டார்களே தவிர, தூங்க வைக்கவில்லை. பக்கத்துத் திரையில் என் குழாய் தெரிந்தது. வளைவில் அடைப்பு. எங்கள் மலையிலும் வளைவில்தான் அடைக்கும். டாக்டர் விட்ட கம்பி முட்டி முட்டித் திரும்பியது. நானாயிருந்தால் முனையை வளைத்திருப்பேன் என்று நினைத்தேன். அவர் கம்பியை வெளியே எடுத்து முனையை வளைத்தார். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. உடம்பு ஆடக் கூடாதே என்று பல்லைக் கடித்தேன். இந்த முறை கம்பி நழுவித் தாண்டியது. பலூன் ஊதியபோது பழைய கல் நெஞ்சில் வந்து உட்கார்ந்து, எழுந்து போனது. ஸ்டென்ட் வைத்து, ஓட்டம் திரையில் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தினார். திரையில் கறுப்பாக ஓட்டம், நுனிக் கிளை வரைக்கும்.

என் மோதிர விரல் தானாகவே நான் படுத்திருந்த மேஜையின் ஓரக் கம்பியை மூன்று முறை தட்டியது.

டாக்டர் பதறிவிட்டார். “ஏனுங்க, வலிக்குதா?”

“இல்லீங்க. தண்ணி வந்துருச்சுங்க.”

பிறகு குழாய், ஸ்பேனர், குடம் எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆயுசில் நான் அவ்வளவு பேசியதில்லை. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே போய் வாசல் கதவை மூன்று முறை தட்டிவிட்டு வந்தார். வெளியே பெஞ்சில் இருந்த என் மனைவி அழுதாளாம். அவள் உடனே சொல்லி அனுப்பிய பதிலை நர்ஸம்மா என்னிடம் சொன்னார்.

“மொதல்ல சேறுதான் வருமாம். கொஞ்ச நேரம் விட்டுப் புடிக்கோணுமாம்.”

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு ஒரு காலை நின்று நின்று ஊற்று வரை ஏறினேன். நெஞ்சில் கல் இல்லை. அடைப்பெடுத்து மூன்று தட்டு தட்டினேன். காதைக் குழாயில் வைத்தேன். கீழிருந்து யாரோ குடத்தால் தட்டினார்கள். மூன்று.

இதை எழுதி முடித்தது ஆவணி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.