தெல்மா அத்தையின் பாய்லர்

"எத்தனை நிமிஷம்?"

எங்கள் ஊர் மன்றத்துக்கு வரும் எந்த இசைக் குழுவையும் தெல்மா அத்தை இப்படித்தான் விசாரிப்பார். வேனிலிருந்து செல்லோ வாத்தியம் இறங்குவதற்கு முன்பே அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். எண்பது நிமிடம் என்று பதில் வந்தால் கதவின் பின்புறம் சாக்பீஸால் எண்பது என்று எழுதிக்கொள்வார். யார் எழுதிய இசை, எந்தக் காலத்தது என்றெல்லாம் கேட்டதே கிடையாது.

கணக்கு எல்லாம் பாய்லருக்காக. தண்ணீர் கொதிக்க அதற்குச் சரியாக நாற்பது நிமிடம் பிடிக்கும். இருபதாவது நிமிடத்தில் முனகத் தொடங்கும். முப்பதுக்கு மேல் மூடி கடகடவென்று ஆட்டம் போடும். கச்சேரி முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் பரிமாறும் ஜன்னலின் தகரக் கதவு மேலே போகும், அறுபது கோப்பைத் தேநீரும் ஆவி பறக்கும். இருபத்தாறு வருடமாக இது பிசகியதில்லை. போன வருடம் ஒரு பியானோக்காரர், ரசிகர்கள் கேட்டார்களே என்று கூடுதலாக ஒரு பாட்டு ஆரம்பித்தார். அத்தை தகரக் கதவைத் தூக்கினார். பியானோக்காரர் பாதியில் எழுந்து வந்து வரிசையில் நின்றுகொண்டார்.

இந்த மண்ணின் மூத்தவர் என்ற முறையில் வரவேற்புச் சொல்வதும் அத்தைதான். தோளில் கோப்பை துடைக்கும் துண்டோடு மேடையேறுவார். பூர்வகுடிகளான எங்கள் கமிலராய் மொழியில் நான்கு வாக்கியம். முன்னோர்களை வணங்கிவிட்டு, அதே மூச்சில், கழிப்பறை இடது பக்கம், இரண்டாவது கதவு தாழ் விழாது, பாடிக்கொண்டே இருங்கள் என்பார். பிறகு நேரே சமையலறை. ஒரு கச்சேரியைக்கூட அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதில்லை. ஜன்னல் இடுக்கு வழியாகக் கேட்டதை வைத்துத்தான் தீர்ப்பு. பழைய வியன்னா இசைமேதைகளை அவருக்குப் பிடிக்கும்; அவர்கள் முடிக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களை நம்ப முடியாது, திடீரென்று நிறுத்திவிடுவார்கள்.

அப்படி உயிரோடு இருக்கும் ஒருத்தி இந்த ஜூலையில் அவருடைய வீட்டிலிருந்தே வந்து சேர்ந்தாள். தம்பி மகள் மார்லி. சிட்னியில் படித்து, நால்வர் குழு ஒன்றுக்கு ஆற்றைப் பற்றி இசை எழுதியிருந்தாள். அந்தக் குழு அதை எடுத்துக்கொண்டு ஏழு சின்ன ஊர்களுக்குக் கிளம்பியது. ஆறு ஊர் முடிந்து, ஏழாவதாக, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஊர்.

காலை ஒத்திகையிலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. கச்சேரியின் கடைசி உருப்படி மார்லியுடையது. அதன் நடுவே நாற்பது விநாடி நால்வரும் ஒன்றும் வாசிக்கக் கூடாது. சரியாக அந்த நேரத்தில்தான் பாய்லர் மூடி உச்சத்தில் ஆடும். மார்லி சமையலறைக்கு வந்து, பூசணிக்காய் போட்டுச் சுட்ட ஸ்கோன் ரொட்டி ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கும்மா நாலு பேரு? ஒருத்தர் சும்மா இருந்தா பத்தாதா?" என்றார் அத்தை.

முன்னாலேயே கொதிக்கவைத்து அணைத்துவிடலாமே என்றாள் மார்லி. கொதித்து ஆறின தண்ணீர் தேநீருக்கு ஆகாது என்று அத்தை முடித்துவிட்டார்.

"இருபத்தாறு வருஷமா ஒருத்தருக்கும் ஆறின டீ குடுத்ததில்ல. ஒனக்காக ஆரம்பிக்கச் சொல்றியா?"

"வேணாம் அத்தை. மத்த ஆறு ஊர்லயும் நல்லாத்தான் வந்துச்சு. ஆனா அது நம்ம ஊரு ஆறு, அவங்களோடது இல்ல. அதான் கேட்டேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் அத்தைக்கு எளிதாக இருந்திருக்கும். சண்டையில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. மார்லி ஸ்கோனைத் திருப்பித் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் உறுத்தியது. அந்தத் தட்டிலிருந்து எடுத்ததை யாரும் திருப்பி வைத்ததில்லை.

மதியம் வரவேற்பு முடிந்து, பழைய வியன்னாக்காரர் ஒருவரின் உருப்படியும் முடிந்தது. நாற்பதாவது நிமிடத்தில் அத்தை பாய்லரைப் போட்டார். மெல்போர்ன்காரர் ஒருவரின் புது உருப்படி வந்தது. அது போட்ட சத்தத்தில் பாய்லரின் முனகலை யாரும் கவனிக்கவில்லை. அடுத்து மார்லியின் இசை தொடங்கியது. செல்லோ, டுக்... டுக்... டுக்... என்று இழுத்தது.

அத்தை சட்டென்று சிரித்துவிட்டார். ஆற்றங்கரைப் பம்பு அல்லவா அது. வெறும் சேற்றை உறிஞ்சி உறிஞ்சி மூச்சுமுட்டிக் கெட்டுப்போன ஊர்ப் பம்பு. அதன் இருமலைக்கூட விடாமல் எழுதிவைத்திருக்கிறாள் பெண். சிரித்துக்கொண்டே அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். கொதிக்க இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கினார். மூடி அடங்க நேரம் எடுக்குமே என்று, தோள் துண்டை அதன் மேல் போட்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

செல்லோ நின்றது. நால்வரும் வில்லைத் தூக்கியபடி அசையாமல் இருந்தார்கள். முன் வரிசையில், ஓய்வுபெற்ற தபால்காரர் நெவில் முடிந்துவிட்டதாக நினைத்துக் கைதட்டப் போனார். அவர் மனைவி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். தகரக் கூரையில் ஏதோ பறவை நடந்தது. பிறகு அதுவும் பறந்துபோனது.

மன்றத்துக்குப் பின்னாலேயே தடுப்பணை. தண்ணீர் அதைத் தாண்டி விழும் இரைச்சலில்தான் எங்கள் கல்யாணம், கருமாதி, கூட்டம் எல்லாம் நடந்தது. ஆறு வற்றி அது நின்று இரண்டு வருடமாகிறது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அவசரத்தில் அந்த இரைச்சல் போனதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது அறுபது பேருக்கும் ஒரே சமயத்தில் அது கேட்கவில்லை. பாய்லரைக் கட்டிப்பிடித்தபடி நின்ற அத்தைக்கு அழுகை வந்தது. கையை எடுத்தால் மூடி சத்தம் போடும் என்பதால் கண்ணைத் துடைக்காமலே அழுதார்.

கைதட்டல் ஓய நெடுநேரம் ஆனது. தகரக் கதவு அதற்குப் பிறகுதான் மேலே போனது. வரிசையில் முதல் ஆள் நெவில். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தவர் அத்தையை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத்தை, டீ சூடே இல்லயே."

மார்லி வரிசையின் கடைசியில் நின்று எட்டிப் பார்த்தாள். அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நெவிலின் கையிலிருந்து கோப்பையை வாங்கினார். அவர் முகத்தைப் பார்த்தபடியே அந்தத் தேநீரை ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரை குடித்து, காலிக் கோப்பையைத் திரும்ப அவர் கையில் வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு ஊற்றத் தொடங்கினார்.