முப்பத்தாறாம் நம்பர் கம்பி

ஊரில் குண்டுகள் வெடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. தெருவோரம் ஒரு சைக்கிள் ரொம்ப நேரம் நின்றால்கூட எல்லோரும் சுற்றிப் போன காலம். அப்போது நான் ஒரு பிளாஸ்டிக் போர் விமானத்துக்குக் கால் செய்துகொண்டிருந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து சித்தி மகன் கொண்டுவந்த பெட்டி அது. நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. உடம்பும் இறக்கையும் ஒட்டி முடித்துவிட்டேன். சக்கரக் கால்கள்தான் கண்ணை உறுத்தின. பெட்டியில் வந்தவை வெறும் குச்சிகள். நிஜக் காலில் எண்ணெய்த் தண்டு பளபளக்கும். முட்டியில் கத்தரிக்கோல்போல் ஒரு மடிப்பு இருக்கும். பிரேக் குழாய் தண்டை ஒட்டி வளைந்து இறங்கும். கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிறவன் நான். இதையெல்லாம் விட்டுவிட மனசு வரவில்லை.

தண்டுக்கு டாக்டர் போடும் ஊசியை அறுத்து வைத்தேன். குழாய்க்கு எதை வைப்பது என்று தெரியவில்லை. உக்கடத்தில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் பாயிடம் போனேன். கம்பெனி வேலையாக நாலு வருடப் பழக்கம். நான் வரைந்திருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பிளேன் காலுங்களா? இந்தக் குழாய் எங்கிருந்துங்க வருது?"

சொன்னேன். உருளையிலிருந்து இரண்டு முழம் கம்பி இழுத்துச் சுருட்டினார். "மிக்சி மோட்டாருக்குச் சுத்தற முப்பத்தாறாம் நம்பருங்க தம்பி. இதவிட மெலிசாப் போனா வளைக்கறப்பவே அந்துபோகும்." காசு வாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு அருகே போலீஸ் என் பையைத் திறந்தது. கம்பிச் சுருள், பொருத்திப் பார்க்க எடுத்துப்போன அறுத்த ஊசிகள், அளவு குறித்த விமானப் படம். மூன்றும் ஒரே பையில். நான் சொன்ன விளக்கம் எனக்கே பொய்போலக் கேட்டது. ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள்.

"பொம்மைக்கு இத்தன அளவு எதுக்குய்யா? கம்பி யாரு குடுத்தது?"

கடையைச் சொன்னேன்.

"அந்தாளு எப்படி?"

நாலு வருடமாகத் தெரியும், நல்ல மனுஷர் என்று சொல்லியிருக்கலாம். "தெரியாதுங்க. கடையில பார்க்கறதோட சரி" என்றேன். எழுதிக்கொண்டார்கள். கம்பெனி மானேஜருக்குப் போன் போட்டு விசாரித்து என்னை அனுப்பினார்கள். படத்தையும் கம்பியையும் திருப்பித் தரவில்லை.

பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கே நினைத்திருந்தால் அதோடு போயிருக்கும். வீட்டுக்கு வந்தபிறகு நானே விசாரணையை ஆரம்பித்தேன். அவர் ஏன் படத்தை அவ்வளவு நேரம் பார்த்தார்? குழாய் எங்கிருந்து வருகிறது என்று ஏன் கேட்டார்? ஏன் காசு வாங்கவில்லை? நாலு வருடத்தில் ஒருநாளும் தோன்றாத கேள்விகள். பதிலே இல்லாமல் அவை என்னுள் பெரிதாகின. ஒன்றரை மாதம் உக்கடம் பக்கமே போகவில்லை.

காந்திபுரத்தில் வேறு கடையில் கம்பி வாங்கினேன். தடிமன் அதிகம். சின்னக் காலில் சுற்றியபோது மரத்தில் பாம்பு ஏறியதுபோல் இருந்தது. பிய்த்துப் போட்டேன். ஒரு கால் பாதியில் நின்றது.

கடைசியில் போனேன். கம்பி ஒரு சாக்கு. கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். பாய் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார். வழக்கமாகப் போடும் ஸ்டூலைப் போடவில்லை.

"ரெண்டு தடவ வந்தாங்க. உருளையெல்லாம் ரோட்டுல கொட்டிப் பாத்தாங்க. ஒண்ணுமில்லீன்னு போயிட்டாங்க."

"நான்தான் பாய் கடையச் சொன்னேன்."

"தெரியுங்க. உங்களப் பத்தியும் கேட்டாங்க. நாலு வருசமாத் தெரியும், தப்பான ஆளில்லீங்கன்னு சொன்னேன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. கம்பி வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் இழுத்துச் சுருட்டினார். கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டை என்னிடம் நகர்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்க. இப்பெல்லாம் யாரு கேட்டாலும் பேரு, விலாசம், எதுக்குன்னு எழுதி வாங்கிக்கறனுங்க."

எனக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை. பெயரும் விலாசமும் எழுதினேன். 'எதுக்கு' என்ற இடத்தில் பேனா நின்றது. 'பொம்மை விமானத்துக்கு' என்று எழுதினேன். அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகுதான் கம்பி என் கைக்கு வந்தது.

அந்த வாரமே கால்களை முடித்தேன். குழாய்கள் சரியாக உட்கார்ந்தன. அதன்பிறகு கம்பெனி மோட்டார்களை அவர் கடைக்கு எடுத்துப்போகும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு அலுவலகத்தில் ஒரு காரணமும் சொன்னேன். அதை எல்லோரும் நம்பினார்கள்.