முதல் பத்தையை விட்டுவிட்டு

பயம் எனக்குப் பிறவியிலேயே வந்ததோ பிறகு வந்ததோ தெரியாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும் பயத்தில்தான். பேசிவந்த முதல் கலியாணத்துக்குத் தலையாட்டியதும், ஒஸ்லோவில் கிடைத்த முதல் வேலையைப் பிடித்ததும் அதே பயத்தில்தான். இதை விட்டால் இனி வராது என்ற பயம். கலியாணம் நல்லாய்த்தான் அமைந்தது. அதுக்காகப் பயம் புத்தியாகிவிடாது.

வேலை, முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில். என்னோடு துணி மடிக்கிறவள் கனடாவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் பிறந்தவள். ஒஜிப்வே என்ற ஆதிக்குடி. நோர்வேக்காரனைக் கட்டி வந்தவள். என் வயதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை நோர்வேஜிய மொழி, கதைக்க அது காணும்.

போன ஓகஸ்டில், நகரத்தின் ஓரத்திலுள்ள வெஸ்ட்லியில் எங்கள் மாடிவீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டுக்கு அவளைப் புளூபெரி பறிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ட முதல் பத்தையிலேயே, முழங்கால் உயரப் புதர்தான், குந்திவிட்டேன், ஆரும் வரமுதல் வழித்துக்கொண்டு போக. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதை விடு."

"ஏன், புழுவோ?"

"முதல் கண்டதை நாங்கள் எடுக்கிறேல்லை. சிலவேளை இதுதான் கடைசியோ ஆருக்குத் தெரியும். இது ஒண்டு நிண்டால் உள்ளுக்கை இன்னும் நிக்கும். போய்ப் பார்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலை எடுத்துப் பத்தையடியில் வைத்தாள். தன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டுப் பத்தைப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"என்ன கேட்டனீ?"

"எடுக்கலாமோ எண்டு."

"பத்தை என்ன சொல்லுது?"

"நீ வாயை மூடினால்தானே எனக்குக் கேக்கும்."

என் அப்பா புகையிலைத் தோட்டக்காரன். புகையிலையை விற்றும் சப்பியும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு செடிக்கு அதைக் கொடுத்து அனுமதி கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். உள்ளே போனோம். பத்தைகள் நிறையவே நின்றன. ஒவ்வொன்றிலும் பாதியை விட்டுவிட்டு வந்தோம். ஆரேன் வந்து மிச்சத்தை எடுத்துப்போடுவினம் என்று வழியெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஏன் அப்படி என்று விளக்கமாய்க் கேட்டதற்கு, அதற்கொரு கதை இருக்கு, நிலத்தில் பனி கிடக்கும்போதுதான் சொல்லலாம் என்றாள். பனி விழுந்தது. படுக்கை விரிப்பு மடித்தபடி சொன்னாள். அதை நான் இங்கே எழுதமாட்டேன். இதை எழுதும்போது வெளியில் பச்சையாய்க் கிடக்கிறது.

அந்தப் பனிக்குள்தான் மச்சாள் நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் தன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி விற்பனைக்கு வந்த வீட்டை எங்களுக்குக் காட்டினாள். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கச்சி. எங்கள் ஆக்கள் ஒவ்வொருவராய் அங்கேதான் போகினம். என் கணவருக்கு வாசலிலேயே பிடித்துவிட்டது. இந்த நாட்டில் வீடு விற்கிறது ஏலத்தில்தான். மறுநாள் மத்தியானம் ஏலம்.

நான் பின்வளவுக்குப் போய் இலையில்லாத ஆப்பிள் மரத்தடியில் நின்றேன். கையில் புகையிலை இல்லை. வெறுங்கையோடு கேட்டேன், நான் இஞ்சை இருக்கலாமோ என்று. மரம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு குரல்தான் 'எடு, எடு, விட்டால் வராது' என்றது. அந்தக் குரலை எனக்கு நல்லாய்த் தெரியும்.

"என்ன மச்சாள், மரத்தோடை கதைக்கிறியள்?" என்று பின்னால் வந்து கேட்டாள். அவளுக்கு நானும் மச்சாள்தான்.

"ஓம். எனக்கு இந்த வீடு வேண்டாம்."

"வெஸ்ட்லியிலை இருந்து என்னத்தைக் கண்டியள்?"

"பின்பக்கம் காடு இருக்கு."

கணவர் வந்தார். "இஞ்சேரும், இது போனால் இனிக் கிடையாது."

"போகட்டுமப்பா. இதுதான் நாங்கள் பாத்த முதல் வீடு. முதல் கண்டதை நான் இனி எடுக்கமாட்டன்."

புளூபெரி பறிக்கப் போன கதையை மச்சாளுக்கு முந்தியே சொல்லியிருந்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. "அந்தக் காட்டுச் சனத்தின்ரை கதையைக் கேட்டோ வீட்டை விடுறியள்?"

அவளோடு எதிர்த்துக் கதைக்க எனக்குப் பயம்தான். ஆனாலும் சொன்னேன்: "நாங்கள் வந்த புதுசிலை எங்களையும் எந்தக் காட்டாலை வந்ததுகள் எண்டுதான் பாத்தவை. நீங்களும் அப்பிடிச் சொல்லாதேங்கோ."

நானும் கணவரும் கையெழுத்து வைக்கவேண்டிய வீடு. நான் வைக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வேறு ஆரோ எடுத்தார்கள். மச்சாள் பொங்கல் வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. பிழை விட்டுவிட்டேனோ என்று நானும் எத்தனையோ தரம் யோசித்தேன். யோசிப்பது என் பழக்கம். அதுக்காக வைக்காத கையெழுத்து வந்துவிடாது.

திரும்பவும் புளூபெரி பழுத்துவிட்டது. போன கிழமை கணவரும் காட்டுக்கு வந்தார். பாதையோரத்தில் நின்ற முதல் பத்தையில் கை வைத்தார். தட்டிவிட்டேன்.

"இதிலையும் கையெழுத்து வேணுமோ?" என்றார்.

"கேளுங்கோ முதல்," என்று ஒரு சிட்டிகை புகையிலையை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.