சோறு கிடைக்காத கடற்கரை

“…அதுவும் அடிமட்டம் வைச்சு அளந்தெல்லோ அனுப்பினனான்! முழங்காலுக்கு மேலை பாவாடை ஒரு விரல் ஏறினாலும் பள்ளிக்கூட வாசலிலையே பெட்டையளை மறிச்சு வீட்டை திருப்பின மனுசி நான். இந்தக் கோலத்திலை கடலுக்கை நிக்கிறதை அவளவையிலை ஒருத்தி கண்டாளெண்டால், பிறகு நான் வெள்ளவத்தைச் சந்தையிலை ஒரு கத்தரிக்காய் வாங்க ஏலுமே?”

மச்சாள் இதைக் கேட்டது என்னிடம் அல்ல, என் அலுமாரிக் கண்ணாடியிடம். மச்சாள் என் கணவரின் அக்கா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன கோலம், லண்டனில் இருக்கும் அவரின் மகள் பார்சலில் அனுப்பிய நீச்சல் உடுப்பு. கருநீல நிறம். இடுப்பைச் சுற்றி, வெட்கத்தை மறைக்கவென்றே தைத்ததுபோல ஒரு சின்னச் சுருக்குத் துணி. அதோடு சங்கிலி, காப்பு, நெற்றியில் பொட்டு.

“வடிவாத்தான் இருக்கு மச்சாள்,” என்றேன்.

“உம்மட்டை வடிவு கேக்கேல்லை. இடம் கேக்கிறன்.”

ஒரே ஓர் ஆசைதான் அவருக்கு. “முழங்கால் ரெண்டும் இப்பவே கறகறவெண்டு கதைக்குதுகள். அதுகள் கதையை நிப்பாட்ட முதல் நான் ஒருக்கால் கழுத்தளவு கடலிலை இருக்கோணும். தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லாமல்.”

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்திலேயே கடல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கொழும்பு வெள்ளவத்தைக் கடல் கடலல்ல, மாடி வீட்டுக்காரருக்கான தொலைக்காட்சி. ரயில் பாதையைத் தாண்டி யார் யாரோடு நடக்கிறார், யார் கடலை வாங்கித் தின்கிறார் என்பதெல்லாம் பொழுது சாயமுன் நாலு சமையலறைகளில் வெந்துவிடும். அதில் மச்சாள் கால் நனைத்தால் அடுத்த நாள் கனடாவிலிருந்து தொலைபேசி வரும்.

ஆகவே தூரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டல் தேட வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில். எனக்கு வாய் சும்மா கிடக்காது என்று ஊருக்கே தெரியும். யாராவது ஒரு நல்ல வசனம் சொன்னால் அதை வாங்கிக்கொண்டு இன்னும் நாலு வீட்டுக்குப் போகிற ஆள் நான். “கேளும், ஆனால் எனக்கெண்டு சொல்லாதையும்,” என்று மச்சாள் கட்டளை போட்டார்.

கேட்டேன். லிஃப்டில் கண்ட மேல்மாடி அன்ரியிடம் நீர்கொழும்பு எப்படி என்றேன். “நீர்கொழும்போ? அங்கை எங்கடை சனம் மீனை விடக் கூட!” கல்கிசையைச் சொல்லவே தேவையில்லை, அது எங்கள் பின்வளவு. பெந்தோட்டையில் எந்நேரமும் யாரோ ஒருவரின் கலியாணப் படப்பிடிப்பு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கை, “நிலாவெளிக்குப் போங்கோ அக்கா, போன கிழமை அங்கை உங்கடை ஒழுங்கைக்காரர் மூண்டு குடும்பத்தைக் கண்டனாங்கள், நல்ல பம்பல்,” என்றாள். பாசிக்குடாவில் லீவு நாளில் லண்டன்காரர் எல்லாம் கூடி, யாழ்ப்பாணத்தில் யார் வீடு விற்கிறார் என்று கதைப்பார்களாம். நல்ல இடம் என்று யார் சொன்னாலும் அது மச்சாளுக்கு ஆகாத இடமாகவே இருந்தது. எங்கள் ஆட்கள் போகாத இடத்தை எங்கள் ஆட்களிடம் கேட்டால் எப்படித் தெரியும்?

வழி காட்டியவர் மூலைப் பார்மசி நடத்தும் முஸ்லிம் நானா. மச்சாளின் முழங்கால் நோவுக்கு எண்ணெய் வாங்கப் போனபோது, போன மாதம் பிள்ளைகளோடு வெலிகமைப் பக்கம் போய்வந்த கதையைக் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க தங்கச்சி. வெள்ளக்காரனுக்குக் கட்டின ஹோட்டல். ராவைக்கு சோறு இல்ல, பகலைக்கு சோறு இல்ல. கேட்டா என்னை மேலயும் கீழயும் பாக்கிறான். நம்மட ஆக்கள் ஒருத்தரையும் காணல்ல. எப்படி வருவாங்க? சோறில்லாத இடத்துக்கு மனுசன் வருவானா?”

எண்ணெயைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். “மச்சாள், இடம் கிடைச்சிட்டுது. அங்கை சோறில்லை!”

அவர் ஒரு கணம் யோசித்தார். கணக்கு ரீச்சர் அல்லவா, பிடித்துவிட்டார். “சரியான விடை,” என்றார்.

என் கணவருக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு இருவரும் ரயிலில் போனோம். மச்சாளின் பை கல்லாகக் கனத்தது. கேட்டதற்கு, “அவசரச் சாமான்,” என்றார். பூசைச் சாமான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஹோட்டல், நானா சொன்னதைவிடச் சிறப்பாக இருந்தது. எங்கு பார்த்தாலும் வெயிலில் சிவந்த முதுகுகள். தமிழ்ச் சத்தமே இல்லை. ஆனாலும் மச்சாள் ஹவுஸ்கோட்டை இறுக்கிப் பிடித்தபடி மணலில் நின்றாரே தவிர, இறங்கவில்லை.

“அந்தக் குடைக்குக் கீழை பாரும். அந்தப் பொம்பிளையின்ரை நடை. எங்கடை மானிப்பாய் நடை அது. போய் விசாரிச்சுக்கொண்டு வாரும்.”

எனக்குத் தெரிந்த இங்கிலீசைச் சேர்த்துக்கொண்டு போய்க் கதை கொடுத்தேன். அந்தப் பெண் பிரேசிலாம். தேங்காய் எண்ணெய் எங்கே வாங்கலாம் என்று என்னைக் கேட்டாள். மச்சாள் அதையும் முழுதாக நம்பவில்லை. “நாளைக்குக் காலமை பாப்பம்,” என்று அறைக்குத் திரும்பிவிட்டார்.

இரவு மேசைக்கு ஸ்பகெட்டி வந்தது. மச்சாள் முள்ளுக்கரண்டியால் ஒரு நூலைத் தூக்கிப் பார்த்தார். “இடியப்பத்தைப் பிழியத் தொடங்கினவங்கள், நிப்பாட்ட மறந்திட்டாங்கள்.” காலையில் பப்பாசித் துண்டு இரண்டு, ஏதோ விதை தூவின தயிர். “இது கிளிக்கு வைச்சதை மாறிக் கொண்டந்திட்டாங்கள் போலை கிடக்கு.”

பகல் பன்னிரண்டுக்கு அறையை விட வேண்டும். அதற்குள் கடலுக்கு இறங்க வேண்டும். ஹவுஸ்கோட்டுக்குள் நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு கதவுவரை போன மச்சாள் திரும்பி வந்தார்.

“வெறும் வயித்தோடை கடலுக்கு இறங்கினால் தலை சுத்தும்.” பையைத் திறந்தார். துவாயில் சுற்றியிருந்த அவசரச் சாமான் வெளியே வந்தது. ரைஸ் குக்கர்!

குளியலறையில் அரிசி கழுவினோம். சோறு வெந்ததும் அதைக் கோப்பைகளில் போட்டுவிட்டு, அதே சட்டியில் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, நெத்தலி எல்லாம் போட்டு மச்சாள் வதக்கினார். அப்பா, அந்த மணம்! அறை முழுக்கப் புகையாகிவிட, நான்தான் கெட்டித்தனமாக யன்னலைத் திறந்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம். கதவில் மெல்லத் தட்டினார்கள். ஹோட்டல்காரர் ஏச வந்திருக்கிறார் என்று பயந்துபோய்த் திறந்தேன். ஈரத் தலையோடு, ரீ சேர்ட்டும் தொடை தெரியக் கட்டைக் காற்சட்டையும் போட்ட ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும்.

“எக்ஸ்கியூஸ் மீ,” என்றாள். பிறகு மூக்கு அவளை மீறிவிட்டது. “நெத்தலியோ?”

எனக்குப் பின்னால் கோப்பை ஒன்று டங்கென்று மேசையில் இறங்கியது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் தானாகவே காற்சட்டையின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தன.

“ரீச்சர்!”

தெஹிவளையில் இருக்கிறாளாம். இப்போது பெரிய கணக்காளர். “எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இஞ்சை வாறேல்லையெண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான், ரீச்சர். மாமிக்குக் கண்டியெண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்,” என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். இருக்கச் சொன்னோம். இருந்த வேகத்தில் தலையணையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். நான் அவளுக்கும் ஒரு கோப்பை போட்டேன். ஒரு கையால் தலையணையை அமத்திக்கொண்டு அவள் சாப்பிட, மறுபக்கம் மச்சாள் ஒரு கையால் ஹவுஸ்கோட்டின் கழுத்தைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டார்.

“ரீச்சர் கடலுக்கு இறங்கேல்லையோ?”

“நானோ? சீச்சீ. சும்மா காத்து வாங்க வந்தனான்.”

என் வாய் திறந்தது. மச்சாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. அவ்வளவுதான், எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்து, ஸ்பகெட்டியும் தின்று, காய்ந்த காலோடு ரயில் ஏறப் போகிறோம்.

“நல்ல தண்ணி, ரீச்சர்,” என்றாள் அவள் சோற்றைப் பார்த்தபடி. “இளஞ்சூடு. எழும்பவே மனமில்லை. மணம் வந்தபடியாத்தான் எழும்பினனான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்தக் காற்சட்டையோடை என்னைக் கண்டதை வெள்ளவத்தையிலை ஆருக்கும்…”

“எழும்பு,” என்றார் மச்சாள்.

கோப்பையோடு எழும்பிவிட்டாள்.

“தலையணையை வை.”

வைத்தாள். மச்சாள் அந்த முழங்கால்களைக் கன நேரம் பார்த்தார். அடிமட்டம் கேட்கப் போகிறாரோ என்று நான் அவரின் பையைப் பார்த்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினார். திரும்பி வந்து ஹவுஸ்கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை மடித்துக் கதிரையில் வைத்தார். கருநீலத்தையும் சுருக்குத் துணியையும் கண்ட கணக்காளரின் வாயில் சோறு அப்படியே நின்றது.

“ரெண்டு பேரும் வாங்கோ. வரிசையிலை,” என்ற மச்சாள் முன்னால் நடந்தார். படியிறங்கி, சிவந்த முதுகுகளுக்கு நடுவால், பிரேசில்காரிக்கு ஒரு தலையாட்டலும் கொடுத்து, நேரே கடலுக்குள் போனார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்று கொண்டையை இறுக்கி முடிந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.