இடது ஓரத்து ஜீப் கண்ணாடி

பிரகாசண்ணன் போய்விட்ட செய்தி எனக்குப் படமாகத்தான் வந்தது. ஜீப் ஓட்டும் என் தம்பி, தன் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தான். சுற்றிலும் ரோஜாப்பூ, இரண்டு மெழுகுவர்த்தி, நடுவே அண்ணன். யாரோ ஒரு புண்ணியவான் அவர் முகத்தை வெளுத்து, சுருக்கத்தையெல்லாம் துடைத்து, புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கி வைத்திருந்தான். கீழே பெயரைப் படித்த பிறகுதான் ஆள் யாரென்றே தெரிந்தது. முதலில் வந்தது கோபம். பிறகு லேமினேஷன் மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுது ஓய்ந்ததும் வந்தது நிம்மதி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்லவேளை, மூன்று வாரத்துக்கு முன்னால் அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன் என்ற நிம்மதி அது.

ஞானப்பிரகாசம் என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவருடைய ஜீப் தெரியும். விடியலில் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். இடைப்பட்ட நேரத்தில் கேமரா. மூணாறுக்கு வந்த யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமரா அது. கல்யாணத்துக்கு எடுங்கள், காதுகுத்துக்கு எடுங்கள் என்று எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். போகவே மாட்டார். “கூலிக்கு எடுத்தா அவுக கேக்குற படம்தான் வரும். எனக்கு வேண்டியதை நான் எப்ப எடுக்குறது?” என்பார்.

சாந்தன்பாறையில் நான் போட்டோ பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேரே கடைக்கு வருவார். வாரம் முழுக்க எடுத்த இருநூறு படத்தையும் என் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, ஒரே ஒரு பிரிண்ட் கேட்பார். ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். இது வேண்டாம், அது வேண்டாம், முந்தினதைக் காட்டு, இல்லை அதற்கும் முந்தினது. வாசலில் ஆதார் அட்டைக்காரர்கள் நிற்பார்கள். எனக்குத் தலை சூடாகும். “அண்ணே, பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு நேரம் உக்காரமாட்டாங்க” என்று ஒருநாள் கடித்துவிட்டேன். சிரித்தாரே தவிர எழுந்திருக்கவில்லை.

அந்த இருநூறில் ஒருமுறை யானைப் படம் ஒன்று இருந்தது. ரோட்டோரம் மூடுபனியில், தந்தத்தில் புல் ஒட்டிக்கொண்டு, அப்படி ஒரு படம். பெரிதாகப் போட்டுக் கடை வாசலில் மாட்டலாம் என்று நான் குதித்தேன். அண்ணன் அதைத் தள்ளிவிட்டு, சாக்குப் படுதாவைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முதுகை எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “ஆனையை எப்படி எடுத்தாலும் ஆனைதான், தாயி. அதுல நான் என்ன செஞ்சேன்?” என்றார். அப்போது எனக்கு அது வெறும் பிடிவாதமாகத்தான் பட்டது.

இன்னொரு பழக்கம், படம் எடுக்கும்போது ஒரு கண்ணை மூடமாட்டார். கேமராவுக்கு ஒரு கண், வெளியே ஒரு கண். கேட்டால், ஒரு கண்ணை மூடினால் ரோட்டில் பாதி போய்விடும், டிரைவருக்கு அது ஆகாது என்பார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். வாயனசாலை நூலகத்தில் பத்திரிகை மேசைக்கு மேலே தொங்கும் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். ஆறு பெண்கள் தூக்குவாளியோடு பனிக்குள் நடந்துபோவார்கள். கடைசியாகப் போகிற ஒருத்தியைத் தவிர இடது பக்கம் முழுக்க வெறும் பனி. அண்ணன் ஜீப்பில் உட்கார்ந்தபடியே வெளியே சாய்ந்து எடுத்தது. அவர் எடுத்தபோது இடது ஓரம் இப்படி இல்லை. ஜீப்பின் பக்கக் கண்ணாடியும் படத்தில் விழுந்திருந்தது. அதற்குள் கேமராவும், அவருடைய பாதி முகமும்.

வாயனசாலை ஆண்டுவிழாவில் வைக்க அதைப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டு அவர் வண்டிக்குப் போய்விட்டார். நான் கடைக்காரி. கறுத்த முகம் வந்தால் கேட்காமலே வெளுப்பேன், பின்னால் கொடியில் துணி காய்ந்தால் கேட்காமலே அழிப்பேன். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் சர்வீஸ். இந்த மனுஷன் அவசரத்தில் கண்ணாடியைக் கவனிக்காமல் எடுத்துவிட்டார் என்று நினைத்து வெட்டினேன். கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். சொல்லவில்லை.

விழாவில் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஷ் ஒருவர் அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அந்த வெற்றுப் பனிதான் படம், எதை விடவேண்டும் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று மலையாளத்தில் எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். எனக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. அதற்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைப்பக்கமே வரவில்லை. போச்சு, மனுஷனை அவர் படத்திலிருந்தே வெட்டித் தள்ளிவிட்டேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஏழாவது ஞாயிறு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாள் ஓட ஓட இன்னும் வரவில்லை. அப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் அவருக்கு ரொம்ப முடியாமல் போனது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். உயிரோடு இருக்குமோ இருக்காதோ என்று கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். இருந்தது. கண்ணாடியோடு முழுப் படத்தையும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி லூர்து மதினி காப்பி போட உள்ளே போனதும் கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

“அண்ணே, வாயனசாலைப் படத்துல நான் கை வெச்சுட்டேன். கண்ணாடியை வெட்டுனது நான்தான்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுத்து நிறுத்தவேண்டியதாயிற்று.

“அன்னைக்கே தெரியும், தாயி. உன் கடை வாசல்லயே கவரைப் பிரிச்சுப் பாத்துட்டேன்.”

கண்ணாடியை அவர் தெரிந்துதான் வைத்தாராம். அந்தப் பெண்களோடு தானும்தானே தினமும் வருகிறோம் என்று. எடுத்த பிறகு, நடுவில் தலையை நுழைக்கிற மாதிரி இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். ஒரு மாதமாக வைப்பதா வேண்டாமா என்று முடிவுக்கு வரமுடியவில்லையாம். அந்த நேரத்தில் நான் வெட்டியிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டின்மேல் சாய்த்துவைத்து மூன்று நாள் பார்த்தாராம். மூன்றாம் நாள்தான் மனசு ஒப்பியதாம்.

“வெட்டுனது நீ. விட்டது நான். நான் விட்டப்புறம் அது என் படந்தான?”

அந்த ஆறு ஞாயிறு? கியர்பாக்ஸ் போய் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததாம். அவ்வளவுதான். ஏழு வருஷம் நான் தின்ற கவலைக்கு ஒரு கியர்பாக்ஸ் காரணம்!

அதோடு விடவில்லை. மதினியிடம் கத்தரிக்கோல் கேட்டார். நான் ஒரு விரல் கூடுதலாக வெட்டிவிட்டேனாம், இடது ஓரத்தில் கடைசியாகப் போகிற செல்லத்தாயின் முழங்கை போய்விட்டதாம். இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். “சொன்னா நீ சண்டைக்கு வருவ” என்றார். கோணல்மாணலாக, ஒரு விரல் தள்ளி அவரே வெட்டினார். பெண்கள் இருக்கும் பெரிய துண்டை மதினியிடம் கொடுத்தார். கண்ணாடித் துண்டை என் மடியில் போட்டார்.

அடக்கத்தன்று பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு படம் வைத்தோம். ஒன்று அவர் முகம், நான் போட்டது, வெளுக்காமல், சுருக்கம் ஒன்றுகூடத் துடைக்காமல். மற்றது அவர் வெட்டியது. தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். செல்லத்தாயி அழுதுகொண்டே குனிந்து பார்த்து, “இதுல என் கை முழுசா இருக்கு” என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இப்போது கடையில் யார் படம் கொடுத்தாலும் வெளுக்கவா, வெட்டவா என்று கேட்கிறேன். பாதிப் பேர் வெளுக்கத்தான் சொல்கிறார்கள். வெளுத்துக் கொடுக்கிறேன்.

அந்தத் துண்டு நான்கு விரல் அகலம் இருக்கும். கம்ப்யூட்டரின் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். கேமரா பாதி முகத்தை மறைத்திருக்கிறது, மூடாத அந்த இன்னொரு கண் தெரிகிறது. எந்தப் படத்தை வெட்டப்போனாலும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பிறகு ஒரு விரல் தள்ளி வெட்டுகிறேன்.